ஜி.என்.எம். (நர்ஸிங் டிப்ளமா) படிக்க மூணு லட்சம் கடன் வாங்கலாமா? வர்ற சம்பளத்துல அடைச்சிட முடியுமா?

கேள்வி, மே 9, 2024

தங்கச்சி +2 முடிச்சுட்டா, பயாலஜி குரூப், 600க்கு 431. நர்ஸிங்தான் படிப்பேன்னு நிக்கிறா. அப்பா லோடுமேன், நான் ஒரு ஒர்க் ஷாப்ல இருக்கேன், கையில காசு இல்ல. எங்க ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு இன்ஸ்டிட்யூட்ல ஒரு வருஷ நர்ஸிங் சர்டிபிகேட் 65,000, முடிச்ச உடனே 15,000 சம்பளம்னு நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. இன்னொரு பக்கம் தனியார் ஜி.என்.எம். ஸ்கூல், வருஷத்துக்கு ஒரு லட்சம், மூணு வருஷம். அதுக்கு பேங்க்ல லோன் கிடைக்கும்ங்கிறாங்க. ஒரு வருஷத்துல முடியுறதுதானே புத்திசாலித்தனம்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

மே 9, 2024

தம்பி, அந்த ஒரு வருஷ கோர்ஸ்ல மட்டும் சேத்துடாதீங்க, மத்ததெல்லாம் பொறவு பேசலாம். நான் ஜி.என்.எம். படிச்சவ, திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம், பதினோரு வருஷமா வார்டுலயும் ஐ.சி.யூ.லயும் நிக்கிறேன், கடன் வாங்கித்தான் படிச்சேன்.

நர்ஸ்னு ஒருத்தர சொல்லணும்னா தமிழ்நாடு நர்ஸஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில்ல பதிவு பண்ணி நம்பர் வாங்கியிருக்கணும். 1926ல வந்த சட்டம் இது, இன்னைக்கு நேத்து வந்த ரூல் இல்ல. அந்த நம்பருக்கு வழி மூணுதான்: ரெண்டு வருஷ ஏ.என்.எம்., மூணு வருஷ ஜி.என்.எம்., நாலு வருஷ பி.எஸ்சி. நர்ஸிங். ஒரு வருஷம், ஆறு மாசம்னு மாடி ரூம்ல நடத்துற எதுக்கும் நம்பர் கிடையாது. அந்த சர்டிபிகேட்ட வச்சு உள்ள வர்ற பிள்ளைங்கள நான் தினமும் பாக்குறேன், நம்மள மாதிரியே யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு நம்மளோட அதே நைட் ட்யூட்டி பாக்குதுங்க, பேரு மட்டும் அசிஸ்டென்ட், சம்பளம் எட்டாயிரம் ஒம்பதாயிரத்துல அப்படியே நிக்கும், பத்து வருஷம் ஆனாலும் ஸ்டாஃப் நர்ஸ் ஆக முடியாது, கவர்மென்ட் தேர்வு எழுத முடியாது, வெளிநாட்டு வாசல்கிட்டகூட போக முடியாது. போன வருஷம் எங்க யூனிட்ல ஒரு பிள்ள, கேனுலா போடுறதுல என்னைவிட கெட்டி, அவ்ளோ நல்ல கை. அவள பாக்கும்போதெல்லாம் இந்த 65,000த்த யாரு இவங்க அப்பாகிட்ட வாங்கினாங்கன்னு வயிறு எரியும்.

நாளைக்கு கணக்கோட வர்றேன், இப்ப ட்யூட்டி.

மே 10, 2024

கணக்கு. மூணு லட்சம், வட்டி 12 சதவீதம்னு வச்சுக்குங்க, ஏழு வருஷத்துல அடைக்கிறதா எடுத்தா மாசம் 5,300 ரூபா வருது. எங்க ஆஸ்பத்திரில இந்த வருஷம் சேந்த ஜி.என்.எம். பிள்ளைங்களுக்கு பேசின சம்பளம் 15,000, பி.எஃப். இ.எஸ்.ஐ. போக கைக்கு 13,100 பக்கம். ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு 3,500 போச்சுன்னா 9,600. அதுல 5,300 கட்டினா கையில 4,300 நிக்கும். கஷ்டம்தான், ஆனா கட்டிடலாம்.

மே 10, 2024, ராத்திரி

நாலு லட்சம் வரைக்கும் கல்விக்கடனுக்கு நம்ம பங்குன்னு காசும் போட வேண்டாம், சொத்து ஈடும் வேண்டாம், அப்பாவோ அம்மாவோ சேந்து கையெழுத்து போட்டா போதும். பேங்க்காரர் வீட்டு பத்திரம் கேட்டா குடுக்காதீங்க. ஏழரை லட்சம் வரைக்குமே சொத்து ஈடு கிடையாது, நாலுக்கு மேல போனா வெளி ஆள் ஜாமீன் கேப்பாங்க, அவ்ளோதான். ஆனா ஜி.என்.எம்.முக்குத்தான் கடன் குடுப்பாங்க, அங்கீகாரம் இல்லாத ஒரு வருஷ கோர்ஸுக்கு கல்விக்கடன் கிடைக்காது, அதுவே ஒரு அடையாளம்தான், பேங்க்காரனே நம்பாத படிப்புக்கு நாம ஏன் காசு போடணும்?

மே 12, 2024

நான் முந்தாநாள் போட்ட கணக்கு தப்பு. ஒருத்தர் சரியா புடிச்சு கேட்டாரு, படிக்கிற காலத்து வட்டி எங்கன்னு. என் கடனே அதுலதான் ஊதிப்போச்சு, அதையே விட்டுட்டேன், மன்னிச்சுக்குங்க.

சரியா போடுறேன். கோர்ஸ் முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் தவணை கட்ட வேண்டாம், ஆனா வட்டி முதல் நாள்லேந்தே ஓடும், தனி வட்டி. மொத வருஷம் வாங்கின ஒரு லட்சத்துக்கு நாலு வருஷ வட்டி 48,000, ரெண்டாவது லட்சத்துக்கு மூணு வருஷம் 36,000, மூணாவதுக்கு ரெண்டு வருஷம் 24,000. ஆக 1,08,000. தவணை ஆரம்பிக்கிற அன்னைக்கு உங்க கடன் மூணு லட்சம் இல்ல, 4,08,000. ஏழு வருஷத்துக்கு போட்டா மாசம் 7,200. கையில நிக்கிற 9,600ல 7,200 போனா மிச்சம் 2,400. இதுல பஸ் காசு, போன் ரீசார்ஜ், வீட்டுக்கு ஒரு ரூபா அனுப்ப முடியாது. முந்தாநாள் "கட்டிடலாம்"னு எழுதினேன்ல, அத வாபஸ் வாங்குறேன்.

பதினஞ்சு வருஷத்துக்கு போட்டா மாசம் 4,900 ஆகும், ஆனா மொத்தமா கட்டுறது எட்டே முக்கால் லட்சத்த தாண்டிடும். ஏழு வருஷம்னா ஆறு லட்சம் சொச்சம்.

மே 13, 2024

என் கதைய கேட்டாங்க. 2009ல சேந்தேன், அப்பல்லாம் ஜி.என்.எம். மூணரை வருஷம், 2015 வாக்குலதான் மூணா குறைச்சாங்க. கடன் 2,40,000, வட்டி பன்னெண்டரை. 2013 மார்ச்சுல மதுரைல ஒரு ஆஸ்பத்திரில சேந்தேன், சம்பளம் 6,500. 2014ல தவணை ஆரம்பிக்கும்போது கடன் மூணே முக்கால் லட்சம் பக்கம் நின்னுச்சு, மாசம் 6,200 கட்டுன்னு லெட்டர் வந்துச்சு. அப்ப என் சம்பளம் 7,200, அதுல மெஸ்ஸுக்கு 1,500 புடிச்சிடுவாங்க. எப்படி கட்டுறது? மொத ரெண்டு மாசம் அம்மா நூறு நாள் வேலைல வந்த காச எடுத்து கட்டினாங்க. அப்புறம் ஒரு கறவை மாட்ட வித்தோம். அதுவும் தீர்ந்து மூணு மாசம் தொடர்ந்து கட்டல, என்.பி.ஏ., அதாவது வாராக்கடன்னு போட்டுட்டாங்க. பேங்க்லேந்து ஆளு வந்து எங்க தெரு முக்குல நின்னு எங்க அப்பா பேர சொல்லி வீடு எங்கன்னு சத்தமா விசாரிச்சாரு. அப்பா அதுக்கப்புறம் ரெண்டு மாசம் டீக்கடைக்கு போகல.

எனக்கு இன்னைக்கும் ஆறாத ஒண்ணு சொல்றேன். 2009லதான் மத்திய அரசு வட்டி மானியம் கொண்டு வந்துச்சு, வருஷ வருமானம் நாலரை லட்சத்துக்குள்ள இருக்குற வீட்டுப் பிள்ளைங்களுக்கு படிக்கிற காலத்து வட்டிய அரசே கட்டும். எங்க அப்பா வருமானம் அதுல பத்துல ஒரு பங்குகூட இல்ல. எங்க பிராஞ்ச்ல அத யாரும் வாய் தொறந்து சொல்லல, நாங்களும் கேக்கல, எங்களுக்கு தெரியாது. ஒரு வருமான சான்றிதழ் குடுத்திருந்தா அந்த ஒரு லட்சம் வட்டி ஏறியிருக்காது. 2016லதான் வேற ஒரு மேனேஜர் வந்து கடன நீட்டிப் போட்டுக் குடுத்தாரு. நல்ல மனுஷன்.

மே 13, 2024

மேல ஒரு தப்பு, மூணே முக்கால் இல்ல, 3,45,000. பழைய லெட்டர எடுத்துப் பாத்துட்டேன். தவணை 6,200 சரிதான்.

மே 15, 2024

அந்த மானியம் இப்பவும் இருக்கான்னு நிறைய பேர் கேக்குறீங்க. இருக்கு, ஆனா 2018க்கு அப்புறம் நாக், என்.பி.ஏ.ன்னு கல்லூரி தரத்த பாத்து குடுக்குற அங்கீகாரம் உள்ள எடத்துல படிச்சாத்தான்; அது ரெண்டும் பொருந்தாத நர்ஸிங் மாதிரி படிப்புக்கு இந்திய நர்ஸிங் கவுன்சில் அங்கீகாரம் வேணும். (இந்த என்.பி.ஏ. வேற, நான் மேல சொன்ன வாராக்கடன் என்.பி.ஏ. வேற, குழம்பிடாதீங்க.) நீங்க பாக்குற ஸ்கூலுக்கு அது இருக்கா? சேர்றதுக்கு முன்னாடியே ஆபீஸ்ல கேளுங்க, எழுத்துல வாங்குங்க.

மே 16, 2024

"எப்படியும் நர்ஸ் ஆயிட்டா சம்பாதிச்சுடலாம்"னு ஒருத்தர் எழுதியிருக்காரு. என் அத்தை பொண்ணு என் வயசு. +2 முடிச்சதும் திருப்பூர் போயிட்டா, பனியன் கம்பெனில செக்கிங். நான் கடன் வாங்கி புஸ்தகம் தூக்கிட்டு திரிஞ்ச மூணரை வருஷமும் அவ சம்பாதிச்சா. நான் 6,500க்கு சேரும்போது அவ ஓவர்டைம் சேத்து 9,000 வாங்கினா. தவணை கட்டினது போக என் கைக்கு வந்தது அவ சம்பளத்த தாண்டினது 2019லதான். பத்து வருஷம் ஆச்சு. இப்ப நான் 27,000 வாங்குறேன், அவ 14,000. இப்ப பாக்குறவங்க நர்ஸிங்தான் லாபம்னு சொல்வாங்க, நடுவுல அந்த பத்து வருஷத்த யாரு வாழ்ந்தது?

அதனால படிக்காதீங்கன்னு சொல்றேன்னு எடுத்துக்காதீங்க. எனக்கு இந்த வேலை புடிக்கும், திரும்ப பொறந்தாலும் இதுதான். வென்டிலேட்டர்ல கெடந்த ஆளு ஒரு மாசம் கழிச்சு நடந்து வந்து சிஸ்டர்னு கூப்பிடுறதுக்கு எந்த கணக்கும் போட முடியாது. ஆனா பேங்க்காரருக்கு அது தெரியாது, அவருக்கு அஞ்சாந்தேதி தவணை வரணும். அதனால பத்து வருஷம் கழிச்சு வர்ற சம்பளத்த விடுங்க, மொத மூணு வருஷம் கையில வர்ற காசையும் தவணையையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க. கடன்ல விழுறது அந்த மூணு வருஷத்துலதான்.

மே 19, 2024

கேள்வி கேட்ட தம்பிக்கு. 431 மார்க், பயாலஜி குரூப்னு சொன்னீங்க. அரசு கவுன்சிலிங்குக்கு அப்ளை பண்ணாம தனியார்ல காசு கட்டிடாதீங்க. சென்னை, மதுரை மாதிரி அரசு காலேஜ்ல பி.எஸ்சி. நர்ஸிங் இருக்கு, அரசு மருத்துவக் கல்லூரிகளோட சேந்த ஸ்கூல்ல டிப்ளமாவும் இருக்கு. நீட் கிடையாது, +2 மார்க்லதான் எடுக்குறாங்க. அங்க கிடைச்சா இந்த இழைல நாம பேசுறதெல்லாம் உங்களுக்கு தேவையே இல்ல, கடனே வேண்டாம். தனியார் ஸ்கூல்காரங்க "இன்னைக்கு 10,000 அட்வான்ஸ் கட்டினா சீட்டு, நாளைக்கு இருக்காது"ன்னு அவசரப்படுத்துவாங்க. இருக்கும், கவலப்படாதீங்க.

மே 20, 2024

காமர்ஸ் குரூப் படிச்ச பொண்ணுக்கு கேட்டவங்களுக்கு: பி.எஸ்சி. முடியாது, அதுக்கு பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி வேணும். ஜி.என்.எம்.முக்கு இந்திய நர்ஸிங் கவுன்சில் விதிப்படி 40 சதவீதமும் இங்கிலீஷும் இருந்தா எந்த குரூப்பும் சேரலாம். மொத வருஷம் அனாடமி, பிசியாலஜி கொஞ்சம் மிரட்டும். எங்க பேட்ச்ல காமர்ஸ் படிச்ச ரெண்டு பேரு இருந்தாங்க, ஒருத்தி இப்ப டயாலிசிஸ் யூனிட் இன்சார்ஜ்.

மே 21, 2024

நேத்து நைட் ட்யூட்டில உக்காந்து போட்ட ஒரு கணக்கு, எனக்கே சந்தோஷமா இருந்துச்சு. அரசுப் பள்ளில ஆறாவதுலேந்து பன்னெண்டாவது வரைக்கும் படிச்ச பொண்ணுங்களுக்கு புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 வருதுல்ல, 2022 செப்டம்பர்லேந்து, டிப்ளமா படிக்கிறவங்களுக்கும் உண்டு. மொத வருஷம் ஒரு லட்சம் கடனுக்கு 12 சதவீத வட்டி மாசம் எவ்ளோ? சரியா 1,000. அந்தக் காசு வந்த அன்னைக்கே வட்டிக்கு கட்டிட்டா மொத வருஷம் கடன் ஏறவே ஏறாது. ரெண்டாம் வருஷம் வட்டி 2,000, பாதிக்கு அது, மீதிய நீங்க ஒர்க் ஷாப் சம்பளத்துல போடுங்க. மூணாம் வருஷம் 3,000. வேலை தேடுற அந்த ஒரு வருஷமும் 3,000. இப்படி கட்டிட்டு வந்தா தவணை ஆரம்பிக்கும்போது கடன் 4,08,000 இல்ல, மூணு லட்சத்துலயே நிக்கும், ஏழு வருஷத்துக்கு மாசம் 5,300. நான் மே 10ல தப்பா போட்ட அதே தொகை! அந்தக் கணக்க உண்மையாக்க இதான் வழி. படிக்கும்போதே வட்டி கட்டுறவங்களுக்கு ஒரு சதவீதம் வட்டி குறைக்கிறதும் உண்டு, பேங்க்ல கேட்டு வாங்குங்க, அவங்களா சொல்ல மாட்டாங்க.

மே 21, 2024

ஒருத்தர் அந்த 1,000 பிள்ள கைச்செலவுக்கு வேணும்லன்னு கேட்டாங்க. உண்மைதான். பிராக்டிகல் ரெக்கார்டு, யூனிஃபார்ம், ஷூ, போஸ்டிங் போற பஸ் காசுன்னு ஏதாவது ஒண்ணு வந்துக்கிட்டே இருக்கும். முழுசா முடியலன்னா 500ஆவது கட்டுங்க.

மே 26, 2024

இந்த இழைல எல்லாரும் பேங்க் கடன் பத்தியே பேசுறோம், நானும்தான். எங்க வார்டு பிள்ளைங்ககிட்ட உக்காந்து பேசினப்ப தெரிஞ்சது, பாதிப் பேருக்கு பேங்க் கடன் இருக்குற அளவுக்கே வெளிக்கடனும் இருக்கு. ஃபீஸ் நேரா ஸ்கூலுக்கு போயிடும், ஹாஸ்டல், சேர்க்கைக்கு பில்லு இல்லாம வாங்கின தொகை, இதுக்கெல்லாம் மகளிர் குழுக் கடன், நகைக்கடன், இல்லன்னா ஊர்ல அஞ்சு வட்டி. நூத்துக்கு அஞ்சு மாசத்துக்கு, அதாவது வருஷத்துக்கு 60 சதவீதம். ஒரு பிள்ள 40,000 அப்படி வாங்கியிருக்கு, மாசம் 2,000 வட்டிக்கே போகுது, அசல் அப்படியே நிக்குது. அதுக்கு நான் சொன்னது, பேங்க் கடன்லயே ஹாஸ்டல், புஸ்தகம், யூனிஃபார்ம் எல்லாம் சேத்து கேக்கலாம், ஃபீஸ் ஸ்ட்ரக்சர் லெட்டர்ல ஸ்கூல் அத தனித்தனியா எழுதிக் குடுத்தா போதும். 12 வட்டில கிடைக்கிறத விட்டுட்டு 60ல போய் வாங்காதீங்க.

ஜூன் 4, 2024

ஒரிஜினல் சர்டிபிகேட். நான் மொத வேலைக்கு சேந்தப்ப ரெண்டு வருஷ பாண்டுன்னு சொல்லி வாங்கி பீரோல வச்சு பூட்டிட்டாங்க. அந்த நேரம் கோயம்புத்தூர்ல 10,500க்கு வேலை கிடைச்சுது, போக முடியல, 50,000 கட்டினா தர்றோம்னாங்க. மாசம் மூவாயிரத்துக்கு மேல நட்டம், கடன் வாராக்கடன் ஆனதுக்கு அதுவும் ஒரு காரணம். படிப்பு சர்டிபிகேட் விக்கிற பொருள் இல்ல, அத ஈடா புடிச்சு வைக்க முடியாதுன்னு மெட்ராஸ் ஹைகோர்ட்டே சொல்லியிருக்கு. ஜெராக்ஸ் குடுங்க, ஒரிஜினல காட்டிட்டு கையோட வாங்கிட்டு வாங்க.

ஜூன் 9, 2024

சம்பளம் ஏன் இவ்ளோ கம்மின்னு கேக்குறாங்க. 2016ல சுப்ரீம் கோர்ட் சொல்லி ஒரு கமிட்டி போட்டாங்க, அம்பது படுக்கைக்கு கீழ உள்ள ஆஸ்பத்திரிலகூட நர்ஸுக்கு 20,000க்கு குறையக்கூடாது, இருநூறுக்கு மேல இருந்தா அரசு சம்பளத்துக்கு சமமா குடுக்கணும்னு அது பரிந்துரை பண்ணுச்சு. கேரளால 2017ல நர்ஸுங்க தெருவுல எறங்கி நின்னாங்க, 2018 ஏப்ரல்ல அங்க 20,000 குறைந்தபட்ச சம்பளம்னு அறிவிச்சாங்க. நம்ம பக்கம் நான் வேலை பாத்த மூணு ஆஸ்பத்திரிலயும் அந்த 20,000த்த புதுசா சேர்றவங்களுக்கு பாத்ததில்ல. கவர்மென்ட்லயே 2015ல எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலமா ஒப்பந்தத்துல எடுத்தவங்களுக்கு தொகுப்பூதியம் 7,700தான், 2017 நவம்பர்ல சென்னை டி.எம்.எஸ். வளாகத்துல ஆயிரக்கணக்குல போராட்டத்துல உக்காந்தாங்க, அப்புறம் 14,000, அப்புறம் 18,000ன்னு ஏறிச்சு. நிரந்தரம் ஆகுறவரைக்கும் அதுதான். "கவர்மென்ட் வேலை கிடைச்சா கடன் ஒண்ணும் இல்ல"ன்னு நினைக்கிறவங்க நிரந்தர சம்பளத்த வச்சு கணக்கு போடாதீங்க.

எய்ம்ஸ் வேற. நார்செட் தேர்வு எழுதி உள்ள போனா அடிப்படை சம்பளமே 44,900. ஜி.என்.எம். முடிச்சவங்களும் ரெண்டு வருஷம், அம்பது படுக்கை ஆஸ்பத்திரில அனுபவம் இருந்தா எழுதலாம். அதனால மொத வேலை ஒரு சின்ன கிளினிக்ல 1,000 ரூபா கூட கிடைக்குதுன்னு போயிடாதீங்க, அம்பது படுக்கை உள்ள எடமா பாருங்க, அனுபவ சான்றிதழ்ல படுக்கை எண்ணிக்கைய எழுதி வாங்குங்க.

ஜூன் 11, 2024

வெளிநாடு பத்தி சுருக்கமா. கல்ஃப் போக ஏஜென்ட் லட்சக்கணக்குல கேட்டா அது கடன் மேல கடன். விதிப்படி அவங்க வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000, அதுக்கு மேல ஜி.எஸ்.டி. நம்ம அரசோட வெளிநாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஓ.எம்.சி.எல். இருக்கு, அங்க மொதல்ல பதிவு பண்ணுங்க. ஜெர்மனி போறவங்க மொழி படிக்கிற மாசங்கள்ல சம்பளம் இருக்காது, தவணை மட்டும் வரும், அத நினைவுல வச்சுக்குங்க.

ஆகஸ்ட் 18, 2024

தம்பி மெசேஜ் பண்ணினாரு. அரசு பி.எஸ்சி. கவுன்சிலிங்குக்கு அப்ளை பண்ணியாச்சாம், பேங்க்லயும் தயாரா கேட்டு வச்சிருக்காராம். அந்த 65,000 இன்ஸ்டிட்யூட்காரங்க வீட்டுக்கே வந்து 40,000க்கு குறைச்சிருக்காங்க! தங்கச்சியே "எனக்கு ரிஜிஸ்டர் நம்பர் கிடைக்குமா சார்"னு கேட்டிருக்கா, அவங்க பேச்ச மாத்தியிருக்காங்க. இத படிச்சுட்டு நைட் ட்யூட்டில இருந்த நாலு பேருக்கும் சத்தமா படிச்சு காட்டினேன்.

நவம்பர் 8, 2024

பி.எம். வித்யாலட்சுமின்னு மத்திய அரசு கல்விக்கடன் திட்டம் புதுசா வந்திருக்கே, ஜி.என்.எம்.முக்கு கிடைக்குமான்னு கேக்குறீங்க. முந்தாநாள்தான் கேபினட்ல ஒப்புதல் ஆச்சு. தரவரிசைல உள்ள உயர்கல்வி நிறுவனங்களுக்குத்தான் அது, அறிவிச்சப்ப 860. ஊர்ல உள்ள ஸ்கூல் அதுல வராது. பெரிய காலேஜ்ல பி.எஸ்சி. கிடைச்சவங்க பாருங்க.

நவம்பர் 23, 2024

தங்கச்சிக்கு அரசு சீட்டு கிடைக்கல. தனியார் ஜி.என்.எம்.ல சேந்திருக்கா. கவுன்சில்ல அங்கீகாரம் இருக்கான்னு விசாரிச்சுட்டுத்தான் சேத்திருக்காங்க. ஹாஸ்டலோட சேத்து மூணு வருஷத்துக்கு 3,80,000 சேங்ஷன், நாலு லட்சத்துக்குள்ள, வெளில அஞ்சு பைசா வாங்கல. தவணை காலம் பதினஞ்சு வருஷம்னு போட்டிருக்காங்க. மே மாசம் எட்டே முக்கால் லட்சம்னு நான் பயமுறுத்தினேன்ல, அத யோசிச்சு பாத்தேன். பேப்பர்ல பதினஞ்சா இருக்கட்டும், கல்விக்கடன முன்கூட்டி அடைச்சா அபராதம் கிடையாது, மொத ரெண்டு மூணு வருஷம் சின்ன தவணையா கட்டிட்டு சம்பளம் ஏறும்போது கூட கூட கட்டி முடிச்சிடலாம். 2014ல எனக்கு இப்படி போட்டுக் குடுத்திருந்தா மாடு நின்னிருக்கும்.

மொத மாச வட்டிக்கு புதுமைப்பெண் காசு வர இன்னும் நாளாகுமாம், அதுவரைக்கும் தம்பியே கட்டுறாராம். கட்டின ரசீத ஒரு கவர்ல போட்டு வைங்கன்னு சொல்லியிருக்கேன், அந்த ஒரு சதவீதத்த கேக்கப் போகும்போது அதுதான் வேணும்.